திருப்பூர்க்காரரே இப்படிக் கேட்கலாமா?

கேள்வி: பழைய அமெரிக்க எண்ணெய் ஓவியம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். நிக்கோலஸ் பாயில்ஸ்டன் என்ற பாஸ்டன் வியாபாரியை 1767-இல் காப்ளி என்பவர் வரைந்தாராம். நைட்டி மாதிரி ஓர் அங்கி, தலையில் குல்லா. படத்துக்கு உட்காரும்போதுகூட ஒழுங்காக உடுத்தத் தெரியாதவரைக் ‘கனவான்’ என்கிறார்களே, அந்தக் கால அமெரிக்கர்கள் அவ்வளவு பட்டிக்காடா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேறு ஊர்க்காரர் ‘நைட்டி’ என்றிருந்தால் விட்டிருப்பேன். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொல்லலாமா? அந்த அங்கியின் பெயரே ‘பனியன்’. குஜராத்தி வணிகர்களைப் போர்ச்சுக்கீசியர் அழைத்த பெயர் அது. கிழக்கத்திய பாணியில் தொளதொளவென்று தைத்த அங்கிக்கும் ஐரோப்பாவில் அதையே வைத்துவிட்டார்கள். அப்புறம் சுருங்கிச் சுருங்கி நம்மூர் உள்சட்டையில் வந்து நின்றது. உங்கள் ஊர் லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிறதே, அதற்கு இந்த அங்கி ஒருவகையில் பெரியப்பா முறை.

குல்லா விஷயம் இன்னும் எளிது. விக் சரியாக உட்கார வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் தலையை மழித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து விக்கைக் கழற்றினால், பாஸ்டன் குளிருக்கு மொட்டைத்தலையில் ஏதாவது வேண்டாமா?

உடுத்தத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? படத்தை இன்னொரு முறை பாருங்கள். அங்கி பூவேலை போட்ட பட்டு. ‘வீட்டில் சும்மா இருக்கும்போதே நான் உடுத்துவது இது’ என்கிறார் மனுஷர். படிப்பாளிகளை அங்கியோடு வரைவது அன்றைய வழக்கம். தளர்ந்த உடை போட்டால் மூளை நன்றாக வேலை செய்யும் என்று பெஞ்சமின் ரஷ் என்ற டாக்டரே எழுதியிருக்கிறார். பாயில்ஸ்டனும் அந்தத் தோரணையில்தான் சாய்ந்திருக்கிறார். ஆனால் முழங்கைக்கு அடியில் இருப்பவை கணக்குப் பேரேடுகள், பின்னால் தெரிவது கப்பல். சரக்கு இறக்குமதி செய்து சம்பாதித்தவர் அதை மறைக்கவில்லை, அங்கியால் கொஞ்சம் மெருகு ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

எவ்வளவு சம்பாத்தியம் என்று கேட்டால் ஜான் ஆடம்ஸ்தான் சாட்சி. பின்னாளில் ஜனாதிபதியானவர், அப்போது வக்கீல். 1766 ஜனவரியில் அந்த வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு நாட்குறிப்பில் எழுதுகிறார்: சாமான்கள் மட்டுமே ஆயிரம் பவுண்டு, துருக்கிக் கம்பளம், பளிங்கு மேசை, சிவப்புத் திரை தொங்கும் கட்டில், பிரபு குடியிருக்க வேண்டிய வீடு. எழுத எழுத அவருக்கு ஆறவில்லை. அந்தப் பணத்தில் 1,500 பவுண்டு, பாயில்ஸ்டன் எழுதிவைத்தபடி, பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக ஹார்வர்டுக்குப் போனது. அதில் முதலில் அமர்ந்தவர் விருந்து சாப்பிட்டவரின் மகன், ஜான் குவின்சி ஆடம்ஸ்!

‘பட்டிக்காடா’ என்றீர்களே, காப்ளியைக் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார். இங்கே ஓவியத்தைத் தச்சு வேலை, தையல் வேலை, செருப்புத் தைப்பது போல ஒரு பிழைப்பாகத்தான் நினைக்கிறார்கள் என்று கடிதத்தில் புலம்பியவர் அவர். 1774-இல் கப்பலேறியவர் திரும்பி வரவே இல்லை.

உடுப்பில் குறை கண்டுபிடித்தே ஆக வேண்டுமென்றால், அதே காப்ளி மறு வருடம் வரைந்த பால் ரிவியரின் படத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளிப் பாத்திரத் தொழிலாளி. கோட்டு இல்லை, விக் இல்லை, வெறும் சட்டை. கையில் ஒரு தேநீர்க் கெண்டி, அதன் பளபளப்பில் அவர் விரல்களே நிழலாடுகின்றன. உங்களுக்கு வந்த சந்தேகம் அவர் வாரிசுகளுக்கும் வந்திருக்கும் போல. 19ஆம் நூற்றாண்டில் நெடுநாள் அந்தப் படம் பரணில் கிடந்தது. பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுக்க 1930 ஆகிவிட்டது.