பாசிப் பெட்டிக்குள் பயணம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நீலகிரியில் அவலாஞ்சி மீன் பொரிப்பகத்துக்குப் போயிருந்தேன். ட்ரவுட் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மீன் என்றார்கள். குளிர்ந்த ஓடையில் வாழும் மீனை அந்தக் காலத்துக் கப்பலில், வெப்பக் கடல்களைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தார்கள்? வந்தது நல்லதுதானா?

கே.

அன்புள்ள கே.,

மீனாக இல்லை, முட்டையாகக் கொண்டுவந்தார்கள். அந்த வித்தையைக் கற்கவே பன்னிரண்டு வருடம் பிடித்தது. கற்றது இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவுக்குப் போன கப்பல்களில்.

1852இல் கொலம்பஸ் என்ற கப்பலில் சால்மன் (ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன்) முட்டைகளைத் தொட்டி நீரில் போட்டு அனுப்பினார்கள். வெப்பக் கடலில் நீர் சூடேறி, குஞ்சுகள் முன்கூட்டியே பொரிந்து செத்தன. 1860இல் டாஸ்மேனியாவில் வளர்ந்து இங்கிலாந்தில் குடியிருந்த ஜேம்ஸ் யூல் பனிக்கட்டியோடு முயன்றார். பாதி வழியில் பனிக்கட்டி தீர்ந்தது. 1862 முயற்சியும் தோல்விதான். ஆனால் அந்தக் கப்பலின் பனிக்கட்டி அறையில், ஈரப் பாசிக்குள் முட்டைகளைப் பொதிந்து ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். மற்றவை எல்லாம் செத்த பிறகும் அதில் சில முட்டைகள் உயிரோடு இருந்தன.

இந்தக் கதையில் என் மனதில் நிற்பது அந்தப் பெட்டிதான். மீன் முட்டைக்கு ஓடும் நீர் வேண்டும் என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில் ஈரமும் காற்றும் குளிரும் போதும். குளிரில் கருவின் வளர்ச்சி மெதுவாகிவிடும், பொரிக்கும் நாள் தள்ளிப்போகும். யூல் லண்டனின் பனிக்கட்டிக் கிடங்கில் இதைச் சோதித்துப் பார்த்தார். நூறு நாள் கழித்தும் முட்டைகள் சாகவில்லை.

அப்புறம் 1864 ஜனவரியில் நார்ஃபோக் கப்பல் கிளம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன் முட்டைகள். கூடவே, கடைசி நேரத்தில் சேர்ந்த சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகள். ஏப்ரலில் மெல்போர்ன், அங்கிருந்து டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட். டெர்வென்ட் ஆற்றோடு சேரும் ப்ளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் மே 4 அன்று முதல் ட்ரவுட் பொரிந்தது. சால்மனும் ஆயிரக்கணக்கில் பொரிந்தது. ஆனால் கடலுக்குப் போன சால்மன் திரும்பி வரவேயில்லை. யாரை வரவேற்கப் பந்தல் போட்டார்களோ அது போய்விட்டது, கூட வந்த ட்ரவுட் குடியேறிவிட்டது. 1867இல் அங்கிருந்தே நியூசிலாந்துக்கும் போனது.

நீலகிரியில் 1863இலேயே, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் முனைந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் என்ற வகை அங்கே நிலைத்தது. நீங்கள் பார்த்த பொரிப்பகம் அந்தக் காலத்தது.

சரி, நல்லதா என்று கேட்டீர்கள். அந்த மனிதர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் தூண்டிலுக்கு ஏற்ற பெரிய மீன் இல்லாத ஆற்றை அவர்கள் வெற்று ஆறாகவே பார்த்தார்கள். அதில் ஏற்கெனவே என்ன வாழ்கிறது என்று யோசிக்கவில்லை. ஆஸ்திரேலிய ஓடைகளில் கேலக்ஸியாஸ் என்ற செதிலில்லாத சிறு மீன்கள் உண்டு. ட்ரவுட் அவற்றைத் தின்கிறது, இரையிலும் பங்குக்கு வருகிறது. விக்டோரியா மாநில மலைகளில் அவற்றில் சில இனங்கள் இன்று பெரும்பாலும் அருவிகளுக்கு மேலேதான், ட்ரவுட் ஏற முடியாத நீரில், மிஞ்சியிருக்கின்றன. சில ஓடைகளில் ட்ரவுட்டை அகற்றி, அது மறுபடி ஏறாதபடி தடுப்பு கட்டுகிறார்கள்.