வாங்கிய விலைக்கும் குறைத்து ஃபிளாட்டை விற்கலாமா?

கேள்வி: 2014-இல் சென்னை மடிப்பாக்கத்தில் 80 லட்ச ரூபாய்க்கு ஃபிளாட் வாங்கி, மாடுலர் கிச்சன், கப்போர்டு, ஃபால்ஸ் சீலிங் என்று மேலும் 9 லட்சம் செலவிட்டேன். இப்போது கோவைக்கு மாறிவிட்டதால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பார்க்க வருபவர்கள் 70 லட்சத்தைத் தாண்ட மறுக்கிறார்கள். வங்கிக் கடனில் 30 லட்சம் பாக்கி உள்ளது. 89 லட்சம் கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது வாங்க வருபவருக்குப் பொருட்டல்ல. யு.டி.எஸ். நிலம் (வளாக மனையில் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி, கோடையில் லாரித் தண்ணீரை நம்ப வேண்டியிருக்குமா, கார் நிறுத்தக் கூரையுள்ள இடம் உண்டா, மின்வெட்டின்போது லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்றுதான் அவர் கேட்பார். இவற்றிலும் யு.டி.எஸ். முக்கியமானது, கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும்போது, விலையைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் பங்கு நிலம்தான். மர வேலைப்பாடுகளையோ, பிரித்தெடுக்க ஆகும் கூலியைக் கழித்துத்தான் பலர் மதிப்பிடுவார்கள். அந்தச் சமையலறையில் இத்தனை ஆண்டுகள் சமைத்துச் சாப்பிட்டீர்கள் அல்லவா, 9 லட்சம் அதற்கே சரியாகிவிட்டது.

மீதமுள்ள 10 லட்ச வித்தியாசம்தான் உங்களை உறுத்துகிறது. ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் எழுதினார்கள். பாஸ்டன் நகர மையத்தில் 1990-களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து, பொருளியலாளர்கள் டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இதை வீட்டுச் சந்தையிலேயே காட்டியது. நட்டத்தை எதிர்நோக்கிய உரிமையாளர்கள், வாங்கிய விலைக்கும் எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டிக் கேட்டார்கள். கைக்கு வந்த கூடுதல் தொகை அதே வித்தியாசத்தில் 3 முதல் 18 சதவீதம்தான், வீடு விற்கவும் வெகுகாலம் ஆனது. கூட்டிக் கேட்கும் இந்தப் போக்கு, முதலீட்டுக்காக வாங்கியவர்களைவிட அதே வீட்டில் குடியிருந்தவர்களிடம் இரு மடங்காக இருந்தது.

அதே விகிதத்தை உங்கள் 10 லட்சத்துக்குப் பொருத்தினால், பிடிவாதத்துக்குக் கிடைக்கும் பலன் 30,000 ரூபாயிலிருந்து அதிகபட்சம் 1.8 லட்சம் வரைதான். கடன் வட்டி 8.5 சதவீதம் என்று கொண்டால் மாதம் சுமார் 21,000, பராமரிப்புக் கட்டணம் 4,000 என்று வைத்தால், ஏறக்குறைய 7 மாதத்தில் அந்த 1.8 லட்சமும் கரைந்துவிடும்.

ஆனால் 70 லட்சம்தான் சரியான விலையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் வளாகத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் பத்திர மதிப்பை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் எழுதும் வழக்கம் இங்கே உண்டென்பதால், உண்மையில் கைமாறிய தொகையைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் விசாரித்துவிடுங்கள்.