மஞ்சள் கைப்பட்டையும் ஊக்கமருந்தும்

அன்புள்ள ஐயா,

புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து மோசடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருடைய புற்றுநோய் அறக்கட்டளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மா சிகிச்சையில் இருந்தபோது அந்த அறக்கட்டளை விற்ற மஞ்சள் கைப்பட்டையைத்தான் நான் அணிந்திருந்தேன். இத்தனை பேருக்கு உதவியவரைக் குற்றச்சாட்டை வைத்து மட்டும் எடைபோடலாமா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டுமென்றேதான் விட்டேன். பந்தயத்தில் ஏமாற்றினாரா என்று கேட்டால் அறக்கட்டளையைக் காட்டுவது பதிலாகாது. 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சாட்சி சொன்னவர்களில் 11 பேர் அவருடன் அணியில் ஓட்டியவர்கள். டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் அவர் வென்ற ஏழு பட்டங்களும் போயின. மறு ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். இனி அது வெறும் குற்றச்சாட்டு இல்லை.

உதவி பெற்றவர்கள் பெற்றது பெற்றதுதான். 2004-இல் நைக்கியோடு சேர்ந்து ஒரு டாலருக்கு விற்ற பட்டை 8 கோடிக்கு மேல் போனது. நீங்கள் அணிந்தது அம்மாவுக்காக. அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

எனக்கு உறுத்துவது வேறு. பந்தயத்தையும் புற்றுநோயையும் ஒட்டவைத்ததே அவர்தான். சாவின் வாசல்வரை போய்வந்தவன் உடம்பில் கண்டதையும் ஏற்றிக்கொள்வேனா என்று கேட்டே வாயடைத்தார். 1999-இல் கார்ட்டிசோன் என்ற மருந்துக்கான சோதனையில் சிக்கியபோது, மிதிவண்டி இருக்கை உரசி வந்த புண்ணுக்கான களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச்சீட்டைக் காட்டித் தப்பினார். அதை வெளியே சொன்னவர் அணியில் மசாஜ் செய்த எம்மா ஓ'ரைலி. ஆம்ஸ்ட்ராங் அவர்மேல் வழக்குப் போட்டார், போதாததற்கு அவர் நடத்தையைப் பற்றி அவதூறும் பேசினார். அறக்கட்டளையின் நல்ல பெயர் இல்லாவிட்டால் ஊர் இவ்வளவு சுலபமாக அதை நம்பியிருக்குமா?

சிங்கப்பூரில் நமக்கு இது புதிதல்ல. 2005-இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத் தலைமை அதிகாரியின் அலுவலகக் கழிவறையில் தங்க முலாம் குழாய் பொருத்திய விவகாரம் நீதிமன்றத்தில் வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை போயாக வேண்டும், ஊர்க் கோபம் தணியும்வரை அவரால் காத்திருக்க முடியாது. தலைமையை மாற்றினார்கள், சிகிச்சை தொடர்ந்தது.

ஆம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளையிலும் அப்படித்தான். 2012-இல் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளிவந்த ஒரு வாரத்தில் ஆம்ஸ்ட்ராங் அதன் தலைவர் பதவியை விட்டார். அதே ஆண்டு அறக்கட்டளையின் பெயரிலிருந்து அவர் பெயரையும் எடுத்துவிட்டு, நோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார்கள்.