பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய பிரேக் போடலாமா?

உங்களுடையது பழைய இரண்டு சீட் கார், முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்வும் பிரேக்), பின்னால் டிரம் (சுழலும் உருளைக்குள் உரசும் பிரேக்). முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பர், அதாவது தட்டைக் கவ்வும் பெரிய பிடிப்பான், போட்டு பின்னாலும் டிஸ்க் ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் இருக்கிற பிரேக்கைப் புதிதாக்குங்கள்.

என்னிடம் இருப்பது டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதே, அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்த வண்டி. வாங்கியபோது பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும், காலை எடுத்த பிறகும் வலது முன்சக்கரம் கொதிக்கும். டிஸ்க்கை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். வலது பக்கச் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால், உள்ளே ரப்பர் உப்பிப்போய் ஒரு தீக்குச்சி நுழைய இடமில்லை. ஆயில் போகவும் தாமதம், திரும்பவும் தாமதம். புது ஹோஸ், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு சீல் கிட், புது பிரேக் ஆயில் போட்டு, லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தோம், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிட்டது.

ஆயிலை அலட்சியப்படுத்தாதீர்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கடலோர ஊரில் வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம் பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறது, அதனால் பின்சக்கரம் முதலில் லாக் ஆனால், அதாவது சுழலாமல் நின்று வழுக்கினால், வண்டி சுற்றிவிடும். இது எனக்கே நடந்தது. சென்னையின் பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டையில் கிடைத்த முக்கால் அங்குல வீல் சிலிண்டரை (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டர்) பின்னால் போட்டு, லேசான தூறலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி பிரேக் பிடித்தேன். வண்டி அப்படியே திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். பிறகு 5/8 அங்குலம் போட்டேன். பரப்பளவு குறைவதால், அதே அழுத்தத்தில் விசை சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அளந்துதான் வாங்க வேண்டும்.

நான்கு பிஸ்டன் காலிப்பருக்குப் பெரும்பாலும் பிஸ்டன் பரப்பு கூடும், ஆயில் அதிகம் தேவைப்படும், பெடல் இன்னும் கீழே போகும். அதற்காக மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் காலுக்கு பலம் அதிகம் வேண்டும். பின்னால் டிஸ்க் போட்டே தீர வேண்டும் என்றால் பின் லைனில் ப்ரொபோர்ஷனிங் வால்வு கட்டாயம், அது பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே உதவும்.

எதை மாற்றினாலும் ரோட்டில் சோதிக்காதீர்கள். ஆளில்லாத மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து, ஒருவரைத் தள்ளி நின்று சக்கரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். ஈரத் தரையிலும் ஒருமுறை பாருங்கள்.