மாலையில் மலரும் வெள்ளைக் காட்டுப்பூவை இனங்காணல்

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வறண்ட புதர்க்காட்டை ஒட்டிய சாலையோரத்தில், தரையோடு படிந்த செடி ஒன்றில் பெரிய வெள்ளைப் பூக்கள் மாலையில் விரிந்து, மறுநாள் காலையில் இளஞ்சிவப்பாகி வாடுகின்றன. இது காட்டு அந்திமந்தாரையா, ஊமத்தையா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் அல்ல. தாங்கள் விவரிப்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கே உரிய ஈவினிங் பிரிம்ரோஸ் வகைகளுள் ஒன்றான ஓயினோதீரா சீஸ்பிட்டோசாவுடன் நன்கு பொருந்துகிறது. அந்தியில் மலர்வதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை நம்பியிருக்கும் பல குடும்பத்துச் செடிகளுக்கும் அந்த வழக்கம் உண்டு.

முதலில் இதழ்களை எண்ணுங்கள். ஈவினிங் பிரிம்ரோஸ்களின் பேரினமான ஓயினோதீராவில் நுனி பிளந்த நான்கு தனி இதழ்களும், எட்டு மகரந்தத் தாள்களும், சிலுவைபோல் நான்காகப் பிரிந்த சூலக முடியும் இருக்கும். அங்கு வளரும் காட்டு அந்திமந்தாரையின் பூ கருஞ்சிவப்பாகவும் ஐந்து மடல்களோடும் இருக்கும்; ஊமத்தையின் பூவோ ஒரே புனலாக இணைந்தது. ஊமத்தை முழுதும் நஞ்சு என்பதால், ஐயம் தீரும்வரை செடியைத் தொட்ட கையை வாயருகே கொண்டுபோக வேண்டாம்.

பூவின் காம்பு என்று பலரும் நினைப்பது உண்மையில் காம்பன்று. உதிர்ந்த பூ ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் அது உள்ளீடற்ற குழல் என்பதும், அதனூடே சூல்தண்டு இறங்குவதும் தெரியும். விதைகள் உருவாகும் சூற்பை குழலுக்கும் கீழே, இலைகளுக்கு நடுவில் தரையை ஒட்டியே அமர்ந்திருக்கும். அக்குழலின் அடியில் ஊறும் தேன், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கே முழுமையாக எட்டும். மகரந்தத்தை விரல்நுனியால் தொட்டு இழுத்தால் ஒட்டடை போல நூல்நூலாக வரும். ஈவினிங் பிரிம்ரோஸ் குடும்பத்தை அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. நம் வயலோரங்களில் காணும் நீர்க்கிராம்பும் இதே குடும்பம்தான்.

இனி எஞ்சுவது ஒரே குழப்பம். அதே நிலத்தில் வளரும் ஓயினோதீரா பாலிடாவும் வெள்ளையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் அதற்கு இலைகளோடு நிமிர்ந்த தண்டு உண்டு, அதன் வெண்ணிறத் தோல் உரியும், மொட்டுகள் தலைகவிழ்ந்திருக்கும். எனவே பூவின் முகத்தை மட்டும் படமெடுக்காமல், செடியின் அடிப்பகுதியும் மொட்டுகளும் தெரியும்படி பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள். அந்த இடம் தேசியப் பூங்கா ஒன்றின் எல்லைக்குள் இருந்தால், அங்கே பூப்பறிக்கத் தடை இருப்பதால், படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.