11 பல்லுக்கு 9 பெயரா?

கேள்வி: நான் ஐ.சி.எஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருடம் படிக்கிறாள். இமாச்சலத்தில் இமயமலைப் பக்கம் இருக்கிற ஸ்பிதிக்கு ஃபீல்டு ட்ரிப் போனபோது எடுத்து வந்த, ஆர்டோவீசியன் என்கிற, 44 கோடி வருடத்துக்கும் முந்தைய காலத்துச் சுண்ணாம்புக் கல்லை ஆசிடில் கரைத்து, கோனோடோன்ட் பற்கள் என்று 11 கருப்புத் துணுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். வடபழனியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பல்லுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இனப்பெயர், போட்டோ, சான்றிதழ் எல்லாம் தருகிறார்களாம். ‘9 இனம் வரும்’ என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். மாதிரிக்குக் காட்டிய படங்களில் பற்கள் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தன. கொடுக்கலாமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. பல்லைப் பார்ப்பதற்கு முன்பே 9 இனம் என்கிறவர், ஜாதகத்தைப் பிரிக்காமலே பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்கிற கல்யாணத் தரகருக்குச் சமம்.

கோனோடோன்ட், விலாங்கு மாதிரி நெளிந்து திரிந்த கடல் பிராணி. உடம்பெல்லாம் மெத்தென்ற சதை, அது அழுகிப் போயிற்று. மிஞ்சியவை தொண்டைக்குள் இருந்த பற்கள், அவையும் பெரும்பாலும் கடுகைவிடச் சிறியவை. பாண்டர் என்பவர் 1856ல் இந்தப் பற்களை விவரித்தார். உடல் பதிந்த கல் எடின்பரோ பக்கம் கிடைத்து, அதைப் பற்றிய கட்டுரை வந்தது 1983ல்தான். அத்தனை வருடம் ஆள் தெரியாமல் பல்லை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சூட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரே பிராணியின் வாயில் கூம்பு, சீப்பு, ரம்பம் என்று பலவித வடிவங்கள் இருந்தன. நன்றாகத் தெரிந்த வகைகளில் ஒரு வாய்க்கு 15 பல். இது தெரியாமல் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு இனப்பெயர் வைத்தார்கள். உங்கள் கோரைப்பல்லை ஒரு ஆள் என்றும் கடைவாய்ப்பல்லை இன்னொரு ஆள் என்றும் ரேஷன் கார்டில் ஏற்றினால் எப்படி? 1934ல் முழு செட்டாகவே பற்கள் பதிந்த கற்கள் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் உடனே விடவில்லை. இன்று பெயர் செட்டுக்குத்தான். உங்கள் மகளிடம் இருக்கும் 11ம் ஒரே இனமாக இருக்கலாம். பழைய புத்தகத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்துப் பெயர் ஒட்டுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. பல்லுக்கு 1,500 அல்லவா?

அதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். எந்த ஆசிட்? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பற்கள் கால்சியம் பாஸ்பேட். வண்டியில் கூவி விற்கிற பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். அதில் ஊறினால் கல்லோடு சேர்ந்து பல்லும் போய்விடும். அதில்தான் கரைத்தாள் என்றால், மிச்சமிருப்பது கோனோடோன்டே அல்ல. பெரும்பாலும் பழங்காலக் கடல் புழுக்களின் தாடைத் துணுக்காக இருக்கும். அதுவும் கருப்புதான், ஆனால் ஆசிடுக்கு அசையாது. வினிகரில் இருக்கிற அசிட்டிக் ஆசிட்டை 10 சதவீதமாக நீர்த்து, நாள்கணக்கில் பொறுமையாகக் கரைத்திருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

அப்புறம் அந்தத் தேன் நிறம். கோனோடோன்ட் பல் தான் பட்ட சூட்டை நிறத்தில் காட்டும் என்று 1977ல் அமெரிக்காவில் அளவுகோலே போட்டுவிட்டார்கள். அதிகம் சூடு காணாதது வெளிர் மஞ்சள். 300 டிகிரியைத் தாண்டியது கருப்பு. இமயமலைக் கல் மடிந்து, புதைந்து, வெந்து வந்த கல். உங்கள் மகளின் துணுக்குகள் கருப்பாக இருப்பது இயல்பு. கருப்புப் பல்லைக் கொடுத்து, ரிப்போர்ட்டில் மஞ்சள் பல் வந்தால், அது வேறு யாரோ எடுத்த படம்.

இதைப் பெரிதுபடுத்துவதாக நினைக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்து ஆம்ஸ்டெல் ஓடையில் கிடைக்கும் கோனோடோன்ட்கள் இமயமலையில் கிடைத்ததாக நம் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைகளில் வந்ததை, ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலியர் 1989ல் ‘நேச்சர்’ இதழில் போட்டு உடைத்தார். நம் நாட்டு ஜியாலஜிக்கே தலைகுனிவு. இனி இமயமலைப் பல் என்றால், எந்த ஓடை, எந்தக் கல் அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் என்று நோட்டில் இருக்க வேண்டும். அரியலூரில் கோனோடோன்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் கிளம்பியிருப்பதாகவும் கேள்வி. அரியலூர்க் கல் உருவாவதற்குப் பல கோடி வருடம் முன்பே இந்தப் பிராணி பூண்டோடு ஒழிந்துவிட்டது. குட்டிச் சுறாப் பல்லைக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

தனிப் பல்லை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது என்றேன். ஒரு விலக்கு உண்டு. சில சமயம் ஒரே வாயின் இரண்டு மூன்று பற்கள் ஒட்டியபடியே கல்லிலிருந்து வெளிவரும். பிள்ளைகள் அழுக்கு என்று நினைத்து ஊசியால் பிரித்துவிடுவார்கள். பிரிக்கவே கூடாது! யார் யாரோடு இருந்தார்கள் என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி. ஒட்டல் நிஜமா என்று பார்க்க, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க விடுங்கள். களிமண் ஒட்டல் விட்டுவிடும். விடாமல், முனைகள் ஒரே பக்கம் பார்த்து, பற்கள் பக்கம் பக்கமாக வரிசையில் நின்றால், அதைத் தனி டப்பாவில் வையுங்கள். பிரஷ்கூட வேண்டாம். தாறுமாறாக ஒட்டியிருந்தால் ஏதோ பிராணி தின்று கழித்த எச்சமாகவும் இருக்கலாம்; அதையும் பிரிக்காதீர்கள். எதற்கும் ஃபெவிக்விக் மட்டும் தொடாதீர்கள். தண்ணீரில் கரையும் பசைதான்.

பிள்ளைகள் ஏன் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க ஒரு இடத்துக்கு நான் ஸ்லைடு அனுப்பினேன். ‘சாம்பிள் எடை எத்தனை கிராம்’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. கண்ணுக்கே தெரியாத பல்லை எந்தத் தராசில் வைப்பது? பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன். சாம்பிளே இல்லை என்று மறுபடி திரும்பியது. இப்படி அலைய விட்டால் பிள்ளைகள் குறுக்கு வழிதான் தேடும்.

மகளுடைய கைடு படங்களோடு இமயமலை ஜியாலஜியை ஆராய்கிற டேராடூன் வாடியா நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். பேரினம் (பல இனங்கள் அடங்கிய ஜீனஸ்) வரை மட்டும் எழுதி, இனம் உறுதியில்லை என்று குறித்தால் அது குறையே இல்லை. விவரம் தெரிந்த தேர்வாளர் அதைத்தான் மதிப்பார். சலித்தெடுத்த கசடைக் கொட்டிவிடவில்லையே? மீதிக் கல் இருந்தால், ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ, அதையும் கரைக்கச் சொல்லுங்கள். 11 பல் போதாது.