தாத்தா விட்டுப்போன பாடம் செய்த கழுகை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தாத்தா காலமாகி ஒரு மாதம் ஆகிறது. அவர் அறையில் மரப்பீடத்தில் நிற்கும் பாடம் செய்த கழுகு ஒன்று இருக்கிறது. 1960களில் வாங்கியது என்கிறார்கள். ரசீது இல்லை. வைத்துக்கொள்ளலாமா, விற்கலாமா?

பதில்: விற்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். இணையத்தில் படம் போட்டு விலை கேட்பதுகூட விற்க முன்வந்ததாகக் கொள்ளப்படலாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972, பாடம் செய்த உடலை மட்டுமல்ல, தனி இறகையும் நகத்தையும்கூட வேட்டைச் சின்னமாகவே கணக்கில் எடுக்கிறது. உதிர்ந்த மயில் தோகைக்கு உள்ள சலுகை கழுகு இறகுக்குக் கிடையாது.

'சட்டத்துக்கு முன்பே வாங்கியது, அதனால் பிரச்சினை இல்லை' என்று பலர் நம்புகிறார்கள். இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் வந்தபோது கைவசம் இருந்தவற்றை 30 நாளுக்குள் அறிவிக்கச் சொன்னார்கள். தவறியவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசமும் தந்தார்கள். எனவே கேள்வி பொருளின் வயது அல்ல, வனத்துறை தந்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதே. பாடம் செய்த நிறுவனத்தின் லேபிள் பீடத்தின் அடியில் ஒட்டியிருந்தால் காலத்துக்குச் சாட்சியாகும். அதுவே உரிமை ஆகாது. கைவசம் இருந்தாலே சட்டவிரோதம் என்றுதான் 57ஆம் பிரிவு ஊகிக்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் பட்டியலில், உள்ள இனமென்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி வாரிசுரிமை. 40ஆம் பிரிவின்படி, வாரிசாகப் பெற்ற 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். தாத்தா இறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்; பொருள் கண்ணில் பட்ட நாளிலிருந்து அல்ல. ஒரு மாதம் போய்விட்டது, மிச்சம் இரண்டு.

அலமாரி, பழைய கோப்பு, டிரங்குப் பெட்டி எல்லாவற்றிலும் அறிவிப்பு நகலோ சான்றிதழோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கழுகோடு தாத்தா நிற்கும் பழைய புகைப்படமும் உதவும். சான்றிதழ் கிடைக்காவிட்டால், அறிவிக்கும் முன் இந்தச் சட்டத்தில் அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். அறிவித்தாலே சான்றிதழ் வந்துவிடாது; வனத்துறை விசாரித்து, பொருள் சட்டப்படி உங்களிடம் இருப்பதாகத் திருப்தியடைந்தால்தான் தரும்.

விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அளவுகள், படங்கள் வையுங்கள். அலகு, கால், வாலின் பட்டைகள், இறக்கை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். இனப் பெயரை ஊகித்து எழுத வேண்டாம். பாடம் செய்த பறவையின் கால், அலகடித் தோல் நிறம் மங்கிவிடும் என்பதால் வண்ணம் பூசியிருப்பார்கள், இறகும் வெளுத்திருக்கும். இந்த நிறத்தை வைத்து ராஜாளியா, பருந்தா என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். 'இனம் உறுதியில்லை' என்றே குறிப்பிடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சான்றிதழ் கிடைத்த பின்னும் விற்க முடியாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து உடன் எடுத்துச் சென்றால், 30 நாளுக்குள் அங்குள்ள காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டாமென்றால் 7 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடம் ஒப்படைக்கலாம். 2022 திருத்தம் தந்த வழி இது. இழப்பீடு கிடையாது.

பயந்துபோய் எரிப்பது, புதைப்பது, உறவினர் வீட்டுக்கு மாற்றுவது எதுவும் வேண்டாம். ஆதாரத்தை அழித்த சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இது உடம்புக்காக. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உட்புறம் ஆர்செனிக் சோப் தடவுவார்கள். இறகின் அடியிலோ பாதத்தைச் சுற்றியோ வெள்ளைப் பொடி தெரிந்தால் எச்சரிக்கை; தெரியாவிட்டாலும் இல்லையென்று பொருளல்ல. தட்டித் தூசி எடுக்காதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனர் போடாதீர்கள். கையுறை, முகக்கவசம் அணிந்து பீடத்தைப் பிடித்தே தூக்குங்கள். குழந்தைகள் தொடாத இடத்தில் பிளாஸ்டிக் உறையிட்டு வையுங்கள். ஒப்படைக்கும்போது இதை அலுவலரிடமும் சொல்லுங்கள், அவரும் வெறுங்கையால் தொட வேண்டாம்.